அஞ்சாம் மாசம் பார்க்க வேண்டியதை ஏழாம் மாசம் பார்த்தால்?

ஒரே ஸ்கேன் சென்டருக்கு ஒரே நாளில் இரண்டு கர்ப்பிணிகள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 19 வாரம். இன்னொருவருக்கு 26 வாரம். இருவர் வயிற்றிலும் உள்ள குழந்தைக்கு ஒரே குறை: முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி மூடாமல் திறந்திருக்கிறது. அதே இயந்திரம், அதே டாக்டர், கிட்டத்தட்ட அதே ரிப்போர்ட்.

முதல் பெண்ணின் கையில் ஐந்து வாரம் இருக்கிறது. மூளையில் நீர் கோத்திருக்கிறதா, கால்கள் அசைகின்றனவா என்று மறுபடி பார்க்கலாம். குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் போய், பிறந்த பின் என்ன செய்ய முடியும், பிள்ளை நடக்குமா என்று கேட்கலாம். கணவனும் மனைவியும் அழுது, ஆறி, யோசித்து, பெற்று வளர்ப்பது என்றோ கர்ப்பத்தைத் தொடராமல் விடுவது என்றோ முடிவுக்கு வரலாம். 2021-ல் திருத்தப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் இத்தகைய குறைகளுக்கு, இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலோடு, 24 வாரம் வரை வழிவிடுகிறது. 26 வாரத்துப் பெண் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். அரசு அமைத்துள்ள மருத்துவக் குழுவின் முன் அவர் போய் நிற்க வேண்டும். குறை கடுமையானது என்று குழு சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு. பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தாலும் அதற்குத் தயாராக முதல் பெண்ணைவிட அவருக்கு ஏழு வாரம் குறைவாகவே கிடைக்கிறது.

இந்த இரண்டாவது பெண் அலட்சியக்காரர் அல்ல. 'அடிக்கடி ஸ்கேன் எடுத்தா பிள்ளைக்கு ஆகாது' என்று வீட்டில் பெரியவர்கள் தடுத்திருக்கலாம். கணவர் வெளியூரில் வேலையில் இருந்திருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்திருக்கலாம். முதல் செக்கப்புக்கே ஐந்தாம் மாதம்தான் போயிருக்கலாம். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். தமிழ்நாட்டில் இன்று ஸ்கேன் இயந்திரத்துக்குப் பெரிய பஞ்சமில்லை. சிறு நகரங்களின் கடைத்தெருவில்கூட ஸ்கேன் சென்டர் பலகை தொங்குகிறது. தனியார் மருத்துவமனைகளில் மாதம் ஒரு ஸ்கேன் என்பதே வழக்கமாகிவிட்ட இடங்களும் உண்டு. 'இதுவரை எத்தனை ஸ்கேன் எடுத்தாச்சு?' என்று விசாரிக்கும் உறவுக்காரர்கள், 'எத்தனாவது வாரத்தில் எடுத்தாங்க?' என்று கேட்பதில்லை. அந்த இரண்டாவது கேள்வியில்தான் ஸ்கேனின் மொத்த மதிப்பும் இருக்கிறது.

முதல் ஸ்கேன் குறிக்கும் நாள்

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிப் பிரசவ நாள் குறிப்பது பழைய முறை. 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் விலக்காகும் பெண்ணுக்கு அது பொருந்தும். நீர்க்கட்டியால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலக்காகிறவருக்கு எப்படிப் பொருந்தும்? முதல் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தங்கிவிட்ட தாய்க்கு, எண்ணத் தொடங்குவதற்கே ஒரு நாள் கிடையாது.

மூன்றாம் மாதம் முடிவதற்குள் எடுக்கும் ஸ்கேனில் சிசுவின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை அளக்கிறார்கள். அந்தப் பருவத்தில் நெட்டையான பெற்றோரின் பிள்ளையும் குட்டையான பெற்றோரின் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வளர்கின்றன. அதனால் அந்த அளவை வைத்துக் குறிக்கும் தேதி ஐந்து முதல் ஏழு நாளுக்கு மேல் பிசகாது. மாதம் ஏற ஏற பரம்பரை, சத்து, நோய் என்று எல்லாம் வளர்ச்சியில் கைவைக்கின்றன. ஒன்பதாம் மாதம் முதன்முறையாக ஸ்கேன் எடுத்துத் தேதி கணித்தால் மூன்று வாரம்வரை முன்பின் ஆகலாம்.

மூன்று வாரம் என்பது சின்ன விஷயம் அல்ல. குறைமாதத்தில் வலி எடுத்து வரும் பெண்ணுக்கு, குழந்தையின் நுரையீரல் பக்குவமடைய ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். 24 முதல் 34 வாரம்வரைதான் அதன் முக்கியப் பலன். வந்திருப்பவருக்கு 33 வாரமா, 36 வாரமா என்று தெரியாத டாக்டர் எதை வைத்து முடிவெடுப்பார்? குழந்தை சிறியதாக இருக்கிறது என்றால், அது வளராமல் நின்றதா, நாள் கணக்கே தப்பா? 'நாள் தாண்டிப்போச்சு' என்று மருந்து கொடுத்து வலி வரவைத்து, பிறந்த பிள்ளையைப் பார்த்தால் முழு மாதம் ஆகாதது என்று தெரிவதைவிட வேதனையான பிரசவ அறைக் காட்சி குறைவு.

உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்பு வழிகாட்டுதலில், 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேன் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது சொன்ன காரணங்களில் முதலில் நிற்பது கர்ப்பத்தின் வயதைச் சரியாகக் கணிப்பதுதான். பிறவிக் குறைகளையும் இரட்டைக் குழந்தைகளையும் கண்டறிவது அடுத்து வருகிறது.

இரட்டை என்று சொன்னேன். வயிறு பெரிதாகத் தெரிந்த பிறகு கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிடுகின்றனவா, தனித்தனி நஞ்சா என்பது 14 வாரத்துக்குள் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். ஒரே நஞ்சைப் பங்கிடும் இரட்டையரில் 10 முதல் 15 சதவீதத்தினருக்கு, ஒரு பிள்ளையின் ரத்தம் மற்றதற்கு அளவுக்கு மீறிப் பாயும் சிக்கல் வருகிறது. ஒன்று காய்ந்து சுருங்க, இன்னொன்றின் இதயம் பாரம் தாங்காமல் திணறும். கவனிக்காமல் விட்டால் இரண்டையும் இழக்க நேரலாம். 16-ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து வந்தால், உரிய நேரத்தில் லேசர் சிகிச்சைக்கு அனுப்ப முடியும். மூன்றாம் மாத ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி எழுதாமல் விட்டால் இந்த வழி முழுவதும் மறைந்துபோகும்.

உலோகத்தில் விரிசல் தேடிய கருவி

1950-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கப்பல் கட்டும் ஊர். உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்குள்ள ஆலைகளில் ஒலியலைக் கருவிகளை வைத்திருந்தார்கள். மகப்பேறு பேராசிரியர் இயன் டொனால்டு, அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு 1955-ல் அப்படி ஓர் ஆலைக்குப் போனார். நீர்க்கட்டி ஒரு மாதிரி எதிரொலித்தது. கெட்டிக் கட்டி வேறு மாதிரி எதிரொலித்தது. டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும் ஜான் மெக்விகார் என்ற மருத்துவரும் அவருடன் சேர்ந்தார்கள். 1958 ஜூனில் 'லான்செட்' இதழில் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்று நம் ஊர் ஸ்கேன் அறையில் ஓடும் கருவியின் வம்சாவளி தொடங்குகிறது. எக்ஸ்ரேபோல் கதிர்வீச்சு இதில் இல்லை. மருத்துவக் காரணத்துக்காக, முறையான அளவில் எடுக்கும் ஸ்கேனால் சிசுவுக்குக் கேடு என்று இத்தனை பதிற்றாண்டுகளில் நிறுவப்படவில்லை. பெரியவர்களின் பயத்துக்கு இந்தப் பதிலைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். 'உங்களுக்கு என்ன தெரியும்' என்று வாயடைப்பதால் ஒரு மருமகள்கூட ஸ்கேனுக்கு வந்துவிட மாட்டாள்.

மக்கள் 'அஞ்சாம் மாச ஸ்கேன்' என்றும் டாக்டர்கள் 'அனாமலி ஸ்கேன்' என்றும் சொல்வது 18 முதல் 20 வாரத்தில் செய்யப்படுவது. தலை, முகம், முதுகுத்தண்டு, இதயத்தின் நான்கு அறைகள், அதிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்கள், வயிற்றுச் சுவர், சிறுநீரகங்கள், கை கால் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. வாசலில் 40 பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் அந்த நிதானம் எங்கிருந்து வரும்?

எல்லாவற்றையும் இது காட்டிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கிலாந்து 2010-ல் தன் 20 வார ஸ்கேனுக்கு வகுத்த அளவுகோலில், மண்டையோடு உருவாகாத குறையை 100-க்கு 98 கண்டுபிடிக்க வேண்டும் என்றது. திறந்த முதுகுத்தண்டுக்கு 90, உதட்டுப் பிளவுக்கு 75. கடுமையான இதயக் குறைகளுக்கு அது வைத்த இலக்கு 50 மட்டுமே. 'ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு சொன்னாங்களே, பிறகு எப்படி?' என்று குமுறும் பெற்றோருக்கு இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருப்பதில்லை.

ஆனால் இதயக் குறைகளில் கண்டுபிடிக்கப்படும் அந்தப் பாதியில் எவ்வளவு மாற்றம் என்று பாருங்கள். இதயத்தின் இரண்டு பெருங்குழாய்களும் இடம் மாறி முளைத்த குழந்தை பிறந்தவுடன் நன்றாகத்தான் அழும். கருவில் இருந்தபோது ரத்தத்தைக் கலக்க உதவிய சிறு குழாய் அடுத்த மணிகளில், நாள்களில் மூடத் தொடங்கியதும் பிள்ளை நீலம் பாரிக்கும். தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றி நகரத்துக்கு ஓடும் வழியில் உயிர் ஊசலாடும். அதே குறை ஐந்தாம் மாதமே தெரிந்திருந்தால், குழந்தைகள் இதய சிகிச்சை உள்ள ஊரில் பிரசவம் வைத்துக்கொள்ளலாம். பிறந்ததும் அந்தக் குழாய் மூடாதிருக்க மருந்து ஏற்றிக்கொண்டே அறுவை சிகிச்சைக்குத் தயார் செய்யலாம். ஸ்கேன் என்றாலே குறையுள்ள கருவை நீக்குவதற்கு என்று நினைப்பவர்கள், பிறக்கப்போகும் பிள்ளையைப் பிழைக்கவைக்கும் இந்த வேலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வளைகாப்பு வீட்டுக்குத் தெரியாத ஓர் ஆராய்ச்சி வழக்கு

எல்லாருக்கும் ஸ்கேன் என்பதை மருத்துவ உலகம் எடுத்த எடுப்பில் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் சுமார் 9,000 பெண்களை வைத்து நடந்து 1990-ல் வெளியான ஆய்வில், வழக்கமாக ஸ்கேன் எடுத்த பிரிவில் பிரசவகாலச் சிசு மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பிழைக்க வழியில்லாத குறைகள் முன்கூட்டியே தெரிந்து, அந்தக் கர்ப்பங்கள் தொடராமல் விடப்பட்டதே முக்கியக் காரணம். மூன்றே ஆண்டுகளில், 1993-ல், அமெரிக்காவில் ஆபத்துக் காரணம் எதுவுமில்லாத 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 'ரேடியஸ்' ஆய்வு நேரெதிராகச் சொன்னது: எல்லாருக்கும் ஸ்கேன் எடுப்பதால் குழந்தைகளின் நிலை மேம்படவில்லை.

எது சரி? இரண்டு ஆய்வுகளின் உள்ளே போனால் விடை கிடைக்கிறது. ரேடியஸில் ஸ்கேன் பிரிவிலேயே 24 வாரத்துக்கு முன் கண்டுபிடிக்கப்பட்ட பிறவிக் குறைகள் 17 சதவீதம்தான். அதிலும் உயர்சிகிச்சை மையங்களில் பிடிபட்டது 35 சதவீதம், மற்ற இடங்களில் 13 சதவீதம். ஹெல்சிங்கியிலும் ஒரே நகரத்து இரண்டு மருத்துவமனைகளில் ஒன்று நான்கில் மூன்று பங்குக் குறைகளைப் பிடித்தது. இன்னொன்று மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. கருவியைப் பிடித்த கைக்குத் தகுந்தபடி பலன் மாறியிருக்கிறது.

இதைவிட நமக்கு நெருக்கமான பாடம் 2018-ல் வந்தது. பாகிஸ்தான், கென்யா, சாம்பியா, காங்கோ, குவாத்தமாலா ஆகிய ஐந்து நாடுகளின் கிராமப்புறங்களில், உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். தாய் மரணமோ, குழந்தை செத்துப் பிறப்பதோ குறையவில்லை. நஞ்சு கீழே இருக்கிறது, பிள்ளை குறுக்கே இருக்கிறது என்று ஸ்கேன் சொல்லலாம். அதைக் கேட்டு அந்தப் பெண் போய்ச் சேர ஒரு ஊர்தியும், போன இடத்தில் ரத்தமும், அறுவை அரங்கும், விழித்திருக்கும் மருத்துவரும் வேண்டுமே. அந்த விஷயத்தில் தமிழ்நாடு பல இடங்களைவிட நல்ல நிலையில் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர், 108 ஆம்புலன்ஸ், சீமாங் என்னும் அவசர மகப்பேறு சிகிச்சை மையங்கள் என்று ஸ்கேனுக்குப் பின்னால் வரவேண்டிய சங்கிலி இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் உரிய வாரத்தில் எடுக்கும் ஸ்கேனுக்கு இங்கே பலன் அதிகம் என்று துணிந்து சொல்லலாம்.

தாயின் உயிரையும் இதில் சேர்க்க வேண்டும். 11 முதல் 14 வாரத்துக்குள் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயின் ஓட்டத்தை டாப்ளரில் பார்த்து, ரத்த அழுத்தத்தையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கணித்தால், பின்னாளில் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு யாருக்கு வரக்கூடும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 2017-ல் வெளியான 'ஆஸ்ப்ரே' ஆய்வில், அப்படி அடையாளம் கண்ட பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தபோது, குறைமாதத்திலேயே வரும் கடுமையான ரத்தக்கொதிப்பு நோய் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் யாரும் தானாக வாங்கிப் போடக்கூடாத மாத்திரை அது. ஆனால் 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பெரும் பலன். இங்கேயும் வாரம்தான் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டில் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்தும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நடக்கும் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். ஒருமுறை வயிற்றைக் கிழித்த பெண்ணுக்கு அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேலேயே வேர்விட்டு, கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துப் போகும் வாய்ப்பு கூடுகிறது. முன்கூட்டித் தெரியாமல் பிரசவ மேஜையில் அதைச் சந்தித்தால் நிமிடங்களில் லிட்டர் கணக்கில் ரத்தம் போகும். தெரிந்திருந்தால் ரத்த வங்கியும் அனுபவமுள்ள குழுவும் உள்ள இடத்தில் நாள் குறித்துச் செய்யலாம். முதல் பிரசவம் சிசேரியன் என்றால், இரண்டாவது கர்ப்பத்தில் 'நஞ்சு தழும்பு மேல இருக்கா டாக்டர்?' என்று ஒவ்வொரு பெண்ணும் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

சுவரில் தொங்கும் எச்சரிக்கை

ஸ்கேன் அறையின் சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்ற பலகை கட்டாயம் இருக்கும். அந்தப் பலகைக்குப் பின்னால் உசிலம்பட்டியும் சேலமும் தர்மபுரியும் இருக்கின்றன. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலை இருந்த மாநிலம் இது. கள்ளிப்பால் செய்த வேலையை ஸ்கேன் செய்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் 1994-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1996 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2003-ல் இன்னும் இறுக்கப்பட்டது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் எஃப் நிரப்ப வேண்டும். 1961-ல் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 985 பெண் குழந்தைகள் இருந்த தமிழ்நாட்டில், 2011-ல் 943 பேர்தான் இருந்தார்கள். அந்த இடைவெளி மூடும்வரை இந்தச் சட்டத்தில் ஒரு முடிச்சைக்கூடத் தளர்த்தக்கூடாது.

அதன் பாரம் மலைக் கிராமத்துப் பெண்ணின் மேல் விழுகிறது என்பதும் உண்மை. பதிவுபெற்ற இடம், பதிவுபெற்ற இயந்திரம், தகுதி பெற்ற மருத்துவர் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் ஸ்கேன். கையடக்க இயந்திரம் வந்துவிட்டது என்பதற்காகச் செவிலியர் அதைப் பையில் போட்டுக்கொண்டு மலையேற முடியாது. அப்படியானால் 12-ஆவது வாரத்திலும் 19-ஆவது வாரத்திலும் அந்தப் பெண்ணை இறக்கிக் கொண்டுவந்து, பார்த்து, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டியது அரசின் பொறுப்பு. கர்ப்பத்தை அரசின் பிக்மி இணையதளத்தில் பதிவு செய்கிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்காக 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறோம். யாருக்கு எந்த வாரம் என்பது செவிலியரின் கையிலேயே இருக்கிறது. 18 வாரம் தொட்டும் ஸ்கேன் எடுக்காதவரின் பெயர் அந்தப் பட்டியலில் தனியாகத் தெரிய வேண்டும். தெரிந்ததும் ஆள் போக வேண்டும்.

எட்டாம் மாதத்துப் பயங்கள்

24 வாரத்துக்குப் பிறகு, எந்த ஆபத்துக் காரணமும் இல்லாத பெண்களுக்கு வழக்கமாக ஸ்கேன் எடுப்பதால் தாய்க்கோ பிள்ளைக்கோ கூடுதல் நன்மை இருப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டவில்லை. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, இரட்டை, வயிறு வளரவில்லை, அசைவு குறைந்தது என்று காரணம் இருந்தால் அவசியம் எடுக்க வேண்டும். காரணமே இல்லாமல் மாதாமாதம் எடுப்பதில் பயம்தான் வளர்கிறது. 'கொடி சுத்தியிருக்கு' என்று ஒரு வரி போதும். கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று நம்பிவந்த வீடு, இப்போது பிள்ளைக்கே ஆகாது என்று பதறி சிசேரியன் கேட்கிறது. பிறக்கும் குழந்தைகளில் நாலைந்து பேரில் ஒருவருக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும்; பெரும்பாலோர் சுகமாகவே பிறக்கிறார்கள். ஐந்தாம் மாதம் 'நஞ்சு கீழே' என்று சொன்னதும் படுக்கையில் போட்டுவிடுகிறார்கள். கர்ப்பப்பை விரிய விரிய அது பெரும்பாலும் மேலே ஏறிவிடும், 32 வாரத்தில் மறுபடி பார்த்தால் போதும். மூளையில் சிறு நீர்ப்பை, இதயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி என்று எழுதப்படும் குறிப்புகள் பலவும் வேறு குறை எதுவும் இல்லாதபோது தானே மறைந்துபோகும் அல்லது ஒன்றும் செய்யாது. அதை எழுதும் கை, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் விளக்கவும் வேண்டும். இப்போதெல்லாம் அந்த இரண்டு நிமிடம் யூட்யூபுக்குப் போய்விடுகிறது.

இன்னொரு விஷயம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் வழக்கத்தில் பெண்ணோடு பலகாரம் போகிறது, புடவை போகிறது. பழைய ரிப்போர்ட் பல நேரம் மாமியார் வீட்டு பீரோவிலேயே தங்கிவிடுகிறது. புது ஊர் டாக்டர் ஒன்பதாம் மாதம் புதிதாக ஒரு ஸ்கேன் எடுப்பார். இயந்திரம் புதிதாக ஒரு பிரசவ தேதியை அச்சிட்டுத் தரும். மூன்றாம் மாதம் குறித்த தேதியை இந்தப் புதுத் தேதி மாற்றக்கூடாது. மூன்றாம் மாத ரிப்போர்ட், ஐந்தாம் மாத ரிப்போர்ட், முதல் பிரசவம் சிசேரியனாக இருந்தால் அதன் டிஸ்சார்ஜ் சீட்டு ஆகிய மூன்றும் மகப்பேறு அட்டையோடு ஒரே உறையில் இருக்கட்டும். போனில் படமெடுத்துக் கணவருக்கும் அம்மாவுக்கும் அனுப்பிவைக்கட்டும். நள்ளிரவில் வலி எடுத்து டியூட்டி டாக்டர் முன் போய் நிற்கும்போது, அவர் முதலில் கேட்கப்போவது அந்த மூன்றாம் மாத ரிப்போர்ட்டைத்தான்.